சும்மா கூட்டத்து ஆள்

எங்கள் வீட்டில் வீல்சேர் மூன்று இருக்கின்றன. உட்கார இருப்பது என் தம்பி ஒருவன்தான். ஒன்று அவன் அளவுக்கு நாங்களே செய்து வாங்கியது. மற்ற இரண்டும் தர்மம். ஒன்றில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். இன்னொன்று பால்கனியில் மழையில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தவர்கள் திடீரென்று வந்து பார்த்தால் என்ன சொல்வது என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். வரமாட்டார்கள். கொடுத்த அன்றைக்கு எடுத்த போட்டோ அவர்களிடம் இருக்கிறது, அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்.

நாங்கள் கேட்டது வீல்சேரே இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டோம். "தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்குக் கை மறுபடி வேலை செய்ய வைக்க முடியுமான்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது, பணம் இல்லாம பாதியில நிக்குது, அதுக்குக் குடுங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டோம். எல்லோரும் கவனமாகத்தான் கேட்பார்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். தலையை ஆட்டுவார்கள். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, தம்பிக்கு ஒரு வீல்சேர் வாங்கித் தந்திரட்டுமா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களின் பக்கத்தில் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். என்னிடம் இருக்கிற பொறுமை அத்தனையும் மாலைக்குள் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான். இதை நானே சொல்லிக்கொள்கிறேன், மற்றவர்கள் சொன்னால் பிடிக்காது.

தம்பி கண்ணாடி பொருத்துகிறவனாக இருந்தான். ஜன்னல், கடை முகப்பு, குளியலறைத் தடுப்பு என்று எதுவானாலும் அளந்து, வெட்டி, மாட்டிவிட்டு வருவான். கூட வேலை செய்தவர்களுக்கு அவன் பெயரே 'கண்ணாடி'. ஒரு இரண்டாவது மாடி ஜன்னலில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சாரத்துப் பலகை சரிந்தது. அவன் கீழே விழுந்தான். ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கழுத்து உடைந்தது. உள்ளே தண்டுவடம் நசுங்கிவிட்டது. கால்கள் சுத்தமாகப் போயின. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டைப் பின்னால் வளைக்க முடியும். விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. "பத்து பேரும் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க அக்கா" என்பான். அவன் அப்படித்தான். எனக்கு ஆத்திரம் வருகிற இடத்திலெல்லாம் அவனுக்கு ஜோக் வரும்.

ஆராய்ச்சி நடந்தது ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஆக்சிஜன் சிலிண்டர்களை உருட்டி இறக்குகிற வாசலுக்கு எதிரே ஒரு நீள அறையில். கழுத்தின் பின்புறம் பட்டைகளை ஒட்டி, தோல் வழியாக மெல்லிய கரண்ட் விடுவார்கள். கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதே விரல்களுக்குப் பயிற்சி நடக்கும். ஓட்டைப் பலகையில் குச்சி செருக வேண்டும், ரப்பர் பந்தை அமுக்க வேண்டும், துணி கிளிப்பைத் திறக்க வேண்டும். இரண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நடத்தியவர் டாக்டரம்மா. ஒல்லியான பெண்மணி, என்ன ஆனாலும் குரல் உயராது. அந்தக் குரலே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

ஆரம்பத்திலேயே அவர் ஒன்றை விளக்கிவிட்டார். வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜக் கரண்ட். மீதிப் பாதிக்கு அதே பட்டை, அதே மெஷின், அதே பயிற்சி, ஆனால் முதலில் கொஞ்ச நேரம் கூசிவிட்டு மெஷின் தானாக அடங்கிவிடும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது. "வெறும் பயிற்சியால வர்ற முன்னேற்றம் எது, கரண்டால வர்றது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும் இல்லையா?" என்றார். தம்பி ஒரு விநாடி யோசிக்கவில்லை, சரி என்றான்.

ஒரு வருஷம் போனான். நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிக் கூட்டிக்கொண்டு போனோம். காரிலிருந்து அவனைத் தூக்கி வீல்சேரில் வைத்து, அந்தச் சிலிண்டர் வாசலில் வழி விடச் சொல்லிக் கத்தி, அறைக்குள் கொண்டு சேர்ப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். திரும்பும்போது அவன் முகம் பளபளவென்று இருக்கும். "இன்னைக்கு நல்லாக் கூசுச்சு அக்கா. நான் நிஜக் கூட்டம்தான், சந்தேகமே இல்ல" என்பான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டைவிரல் லேசாக அசைந்த மாதிரிகூட ஒரு நாள் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

வருஷம் முடிந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தம்பி இருந்தது கரண்ட் இல்லாத கூட்டத்தில். அவர் 'ஒப்பீட்டுக் குழு' என்றார். வெளியே வந்ததும் தம்பி அதற்கு வேறு பெயர் வைத்தான். "நான் சும்மா கூட்டத்து ஆளாம் அக்கா. ஒரு வருஷம் சும்மாவே கூசிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு" என்று சிரித்தான். சிரித்துவிட்டு வீடு வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நிஜக் கூட்டத்தில் சிலருக்குப் பலன் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. ஒரு ரொட்டிக் கடைக்காரர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். தம்பியும் நானும் அதைக் கண்ணால் பார்த்தோம். அவர் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக் காட்டினார். தம்பி அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே இல்லை, விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கட்டத்தில் சும்மா கூட்டத்துக்கும் நிஜக் கரண்ட் தருவதாகப் பேச்சு. "நிதி கிடைத்தால்" என்று அதோடு ஒட்டிச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. யார் வாங்குவார்கள்? இப்போது முதல் கட்டத்துக்கு வந்த பணம் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்றும் வராவிட்டால், பயிற்சி கொடுக்கிற இரண்டு பெண்களும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அந்த நீள அறையை ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும். ஆக, தம்பிக்கு அவன் முறை வரவேண்டுமென்றால் யாராவது பணம் கொடுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

"விரல் வந்தா என்னடா பண்ணப் போற?" என்று ஒரு நாள் சும்மா கேட்டுவைத்தேன். மறுபடி கண்ணாடி வெட்டப் போகிறேன் என்பான் என்று நினைத்தேன்.

"என் ஒண்ணுக்குக் குழாய நானே போட்டுக்கணும் அக்கா" என்றான். "மாமா வேலையில இருந்து எப்ப வருவார்னு வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது. அவ்வளவுதான்."

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். வேறு என்ன செய்வது.

அதன் பிறகுதான் வசூலுக்கு இறங்கினோம். என்னிடம் வண்டி கற்றுக்கொண்டவர்கள், வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கப் போகிற அடுக்குமாடிக் குடியிருப்புகள், தம்பியின் பழைய வாடிக்கையாளர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது. "ஆராய்ச்சின்னா எப்ப முடியும்?" தெரியாது. "கண்டிப்பாச் சரியாயிடுமா?" தெரியாது. "அப்ப எதை நம்பிக் குடுக்கறது?" தெரிந்தால் எதற்கய்யா ஆராய்ச்சி? ஒருவர், "நான் குடுக்கறதுல என் பேர் போடுற மாதிரி ஏதாவது பொருள் இருக்கா?" என்று கேட்டார். பயிற்சி கொடுக்கிற பெண்ணின் நெற்றியில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடையே வலித்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த வீடியோவை எடுத்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி மாதிரி அடிபட்டவர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் முதல் மாதங்களிலேயே ஒரு வித்தை சொல்லிக்கொடுப்பார்கள். விரல் மடங்காது, ஆனால் மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால் உள்ளே தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும். அந்தச் சுருட்டலில் ஒரு தம்ளரை இடுக்கித் தூக்கலாம். மணிக்கட்டை இறக்கினால் விரல் விரிந்து தம்ளர் கீழே நிற்கும். பார்க்கிறவனுக்கு அது கை பிடிக்கிற மாதிரியே இருக்கும். பிடிப்பே இல்லை. கனமான பாத்திரம் நிற்காது, குழாயெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. தம்பி ஆராய்ச்சிக்குப் போவதற்கு ரொம்ப முன்பிருந்தே அப்படித்தான் தண்ணீர் குடிக்கிறான். எங்கள் வீட்டில் அது தினமும் நடக்கிற சங்கதி. நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்தார். தம்பி தம்ளரைத் தூக்குகிறான், குடிக்கிறான், கீழே வைக்கிறான், கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். கீழே இரண்டு வரி: 'கழுத்து உடைந்த என் மைத்துனர். தண்டுவட ஆராய்ச்சியில் ஒரு வருடம் பங்கெடுத்தவர். இந்த ஆராய்ச்சி தொடர உதவுங்கள்.' எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டார். அது ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. யார் யாரோ கண்ணீர் வடித்தார்கள். முதல் முறையாக, வீல்சேர் என்ற பேச்சே இல்லாமல், ஆராய்ச்சிக்கணக்கில் பணம் விழ ஆரம்பித்தது.

"மாமா, இது பொய்" என்றான் தம்பி.

"எது மாப்ள பொய்?" என்றார் இவர். "தம்ளர் தூக்குறியா இல்லையா? ஆராய்ச்சில இருந்தியா இல்லையா? ரெண்டும் உண்மை. நடுவுல இருக்கறத அவங்களே சேத்துப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"நடுவுல இருக்கறதுதான் மாமா பொய்."

நான் வீல்சேரில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். அந்த வாரம் வந்த பணம் எனக்குத் தெரியும். இப்படியே போனால் அவனுக்கு முறை வந்துவிடும் என்றும் தெரியும். அந்த ரொட்டிக் கடைக்காரரின் பொத்தான் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அப்படித்தான் டைல்ஸ்காரர் வந்து சேர்ந்தார். பெரிய ஷோரூம் வைத்திருப்பவர், கொடையாளிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். முன்பு எங்களுக்கு வீல்சேர் கொடுத்தவர்களில் அவரும் ஒருத்தர், துணி குவித்து வைத்திருக்கிறேனே, அது அவருடையது. வீடியோவைப் பார்த்து ஆடிப்போய்விட்டாராம். சங்கத்தில் எல்லோரையும் கூட்டுவதாகவும், மிச்சத் தேவை முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். முழுவதையும். நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு மிரண்டு நான் பார்த்ததில்லை.

கூட்டம் நடந்தது அவருடைய ஷோரூமில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சுவரெல்லாம் மாதிரி டைல்ஸ் பதித்த நீண்ட கூடம். எதிர்ச் சுவர் முழுக்கப் பத்து விதக் குளியலறை. நடுவில் நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை, மேசை மேல் ஒரு தம்ளர் தண்ணீர். டாக்டரம்மாவும் வந்திருந்தார். வீடியோவை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை போல. டைல்ஸ்காரர் அதைப் பெரிய திரையில் ஓட விட்டதும் அவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் குளியலறைகளைப் பார்த்தேன்.

"நேர்லயே பாருங்க" என்று டைல்ஸ்காரர் தம்பியின் தோளில் கை வைத்தார். "தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சுக் காட்டுப்பா."

தம்பி தூக்கினான். குடித்தான். வைத்தான். கூடம் முழுக்கக் கைதட்டல். முன் வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். டைல்ஸ்காரர் மைக்கை அவன் வாய்க்கு நேரே பிடித்து, "ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உதட்டைக் கடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பழகுகிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்து என்றால் நான் மிதித்துவிடலாம். அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. நான் மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். "இப்ப நான் தூக்குனது விரலால இல்ல. மணிக்கட்டால. இது எங்களை மாதிரி ஆளுங்க எல்லாருக்கும் வரும், ஆராய்ச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த ஆராய்ச்சில எனக்கு நிஜக் கரண்ட் குடுக்கல. நான் சும்மா கூட்டத்து ஆள். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக உக்காந்திருந்தவன். எனக்கு ஒரு முன்னேற்றமும் இல்ல. நிஜமாக் கிடைச்சவங்கள்ல சிலருக்கு முன்னேற்றம் இருக்கு. அதைக் கண்ணால பாத்தேன். அதனாலதான் கேக்குறேன். என்னைப் பாத்துக் குடுக்காதீங்க."

டைல்ஸ்காரரின் கை இன்னும் தம்பியின் தோளில்தான் இருந்தது, அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு டாக்டரம்மா எழுந்து, அவன் சொன்னது அத்தனையும் சரி என்று சொல்லி, ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை என்று அதே உயராத குரலில் விளக்கினார். பாதிப் பேர் டீ இருக்கும் பக்கம் போய்விட்டார்கள்.

வாசலில் டைல்ஸ்காரர் என்னை மடக்கினார். "ஏம்மா, இத்தனை பேர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களே. நீங்கதான முன்னாடியே சொல்லியிருக்கணும்?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "ஒண்ணும் நடக்காத ஆராய்ச்சிக்கு நான் எப்படிம்மா சங்கத்துப் பணத்தைக் குடுக்கறது? வேணும்னா தம்பிக்கு..."

"வீல்சேர் வேண்டாங்க" என்றேன்.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. "உனக்கு என்னடா தலையெழுத்து? யார் கேட்டா உங்கிட்ட? ரெண்டு வார்த்தை 'நன்றி'ன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? உன் முறைடா அது. உன் கைடா. அரிச்சந்திரன் வேஷம் போடறதுக்கு வேற எடம் கிடைக்கலையா?" வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அக்கா, கியர மாத்து, வண்டி கதறுது" என்றான் தம்பி. எனக்கே கியர் சொல்லித்தருகிறான்.

அடுத்த மூன்று வாரமும் நான் அதையே பாடிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, படுக்கையில் புரட்டிப் போடும்போது. உண்மை என்ன அவ்வளவு அவசரமா, பணம் வந்து சேர்ந்த பிறகு சொன்னால் உண்மை ஊசிப்போய்விடுமா என்று கேட்டேன். "நாக்குதான் அக்கா எனக்கு ஒழுங்கா வேலை செய்யற ஒரே உறுப்பு. அதையும் கெடுத்துக்கச் சொல்றியா?" என்றான் ஒரு முறை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பணம் சுத்தமாக நின்றுவிடவில்லை. அந்தக் கூடத்தில் டீக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் கொடுத்தார்கள். கைக்குட்டை அம்மா கொடுத்தார். ரொட்டிக் கடைக்காரர் கடையில் உண்டியல் வைத்தார். டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, வந்ததை வைத்து அறையைக் காப்பாற்றிவிடலாம், பயிற்சியும் தொடங்கலாம் என்றார். ஆனால் சும்மா கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் போதாது. ஒன்பது பேரில் நாலு பேருக்குத்தான் வரும்.

"என் தம்பி அந்த நாலுல ஒருத்தன்தான?" என்றேன்.

"குலுக்கல்தான் போடணும்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு வரை ஏறிவிட்டது. "மறுபடியுமா? டாக்டரம்மா, இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு? எவன் வீடு வீடாப் போனான்? அத்தனை பேர் முன்னாடி மானத்தை விட்டது யாரு? அவனுக்கு முதல்ல குடுத்துட்டு மிச்சத்தைக் குலுக்குங்க, வேண்டாம்னு யார் சொன்னா?"

அவர் மேசை மேல் இருந்த ஒட்டுப் பட்டையை எடுத்து ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. உங்க தம்பிக்கு முதல்ல குடுத்தா, பணம் கொண்டு வந்தவனுக்குத்தான் இந்த அறைன்னு ஆயிடும். அடுத்தது உங்க டைல்ஸ்காரர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து நிப்பாரு. நான் என்ன சொல்லி அனுப்பறது? அதோட, நான் விரும்பின ஆளை எடுத்தா அந்த முடிவை எவனும் நம்ப மாட்டான். நம்பலைன்னா இதுக்கு அப்புறம் பத்துக் காசு வராது."

சரியாகத்தான் சொன்னார். சரியாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அந்த நாட்களில் ஆகவில்லை. "அவங்க சொல்றதுதான் அக்கா முறை" என்று தம்பி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். ஆனால் அவன் முகத்தை நான் பார்த்தேன். அவன் நம்பிக்கொண்டிருந்தான். போன தடவை தோற்றவனுக்கு இந்தத் தடவை விழும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு மனசாட்சி இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மாவின் போன் வந்தபோது நான் மைதானத்தில் இருந்தேன். ஒரு பல் டாக்டர் இரண்டு கம்புகளுக்கு நடுவே காரைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். போனில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. நாலு பேரில் தம்பி இல்லை. அடுத்த பணம் வந்தால் மீதி ஐந்து பேருக்கும் நிச்சயம் என்றார். 'வந்தால்' என்றார். பல் டாக்டர் கம்பை இடித்துத் தள்ளிவிட்டு, "டீச்சர், சாரி" என்றார். "பரவாயில்லை, இன்னொண்ணையும் இடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் தம்பி சாப்பாட்டு மேசை முன்னால் இருந்தான். உள்ளங்கையில் பட்டை வைத்துக் கட்டிய குச்சியால் போனைத் தட்டித் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, யாரிடமோ ஆராய்ச்சிக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆளும் யோசித்துச் சொல்வதாகத்தான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

"வரலையா?" என்றான்.

"வரலை."

ஒரு ஜோக் வரும் என்று எதிர்பார்த்தேன். வரட்டும், வந்தால் அவனைத் திட்டலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு பேர் யாரு?"

"கேக்கலை."

"ரொம்ப நேரமாக் குழாய் போடணும் அக்கா. மாமாவுக்குப் போன் பண்ணேன், அஞ்சாவது மாடி லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்கு நீ அந்த மைக்கப் பிடுங்கியிருக்கலாம்ல அக்கா. நீதான் எல்லார்கிட்டயும் பிடுங்குவியே. அவர் முழுசும் தர்றேன்னாரே. ஒன்பது பேருக்கும் வந்திருக்குமே. நான் எதுக்கு வாயைத் தொறந்தேன்?"

மூன்று வாரமாக நான் சொன்னதைத்தான் அவன் சொன்னான், வார்த்தைக்கு வார்த்தை. அது அவன் வாயிலிருந்து வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "நீ சொன்னது சரிதான்டா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"சரியா இருந்து என்ன அக்கா பிரயோஜனம்? என்ன பிரயோஜனம் சொல்லு." புறங்கையால் கண்ணைத் துடைத்தான். விரல்கள் கன்னத்தில் உரசிக்கொண்டு போயின. அவன் அடிபட்டதிலிருந்து அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் போட்டு விடறேன்டா குழாய" என்றேன். "வேண்டாம்" என்று கத்தினான். அவன் கத்துவதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்போது அவன் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் எட்டி ஸ்பீக்கரைப் போட்டு 'ஹலோ' என்றேன், ஏதாவது ஒரு சத்தம் வீட்டில் இருந்தால் போதும் என்று இருந்தது.

ஒரு பெண் குரல், நல்ல மரியாதையான குரல். "வணக்கம்மா. தம்ளர் தூக்குற தம்பி வீடுங்களா? இப்பதான் எனக்கு அந்த வீடியோ வந்துச்சு. எங்க கம்பெனியில ஒரு நல்ல காரியத்துக்குன்னு ஒரு தொகை ஒதுக்கி வெச்சிருக்கோம். பெரிய தொகைதாங்க. மொத்தமாவே உங்க ஆராய்ச்சிக்குக் குடுத்திரலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்."

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. யாராலும் அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை நிமிர்த்தியிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேம்மா, எங்க முதலாளி கேப்பாரு" என்றது குரல். "அந்தத் தம்பிக்கு இந்த ஆராய்ச்சியாலதான கை சரியாச்சு?"

"ஆமான்னு சொல்லு" என்றான் தம்பி, சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்து. பிறகு மறுபடியும், "சொல்லு அக்கா."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஒரு சொல். ஐந்து பேருக்கும் முறை வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? டைல்ஸ்காரர் கூடத்தில் நானாக இருந்திருந்தால் இதைத்தானே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். அவன் வலது கை மேசை மேல் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி, கண்ணீரில் நனைந்த விரல்கள் அரைகுறையாகச் சுருண்டு. கை சரியாச்சு என்று அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை.

"இல்லைங்க" என்றேன். "சரியாகலை. அவனுக்கு அதை இன்னும் குடுக்கவே இல்லை. அதுக்குத்தாங்க கேக்குறோம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. நான் செருப்போடு அப்படியே நின்று, அவர் என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.